குளிருக்குப் பதில் இல்லை, இ.பி.டி.க்குப் பதில் இருக்கிறது: எதை நம்புவது?

முதுநிலை_முதலாண்டு கேட்டது:

இரண்டு பற்கள். இரண்டிலும் சோதனைகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

முதலாவது 21 (மேல் இடது நடு வெட்டுப்பல்), நோயாளிக்கு வயது 19. விழுந்து அடிபட்டு 5 வாரம் ஆகிறது. அப்போது பல் ஆடியது, ஆனால் இடம் மாறவில்லை. குளிர் ஸ்பிரேவுக்குப் பதிலே இல்லை. இ.பி.டி.யில் (பல்லில் மின்சாரத்தை மெல்ல ஏற்றி, எந்த எண்ணில் நரம்பு பதில் தருகிறது என்று பார்க்கும் சோதனை) 80க்கு 61ல் பதில், பக்கத்து வெட்டுப்பல் 11ல் 24. தட்டினால் வலி இல்லை, எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தம், நிறம் மட்டும் லேசாக மங்கல்.

இரண்டாவது 46 (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்), பழைய ஆழமான அமால்கம் (உலோகக் கலவை) ஃபில்லிங். குளிர் வைத்ததும் சுளீரென்று வலி, பஞ்சை எடுத்த பிறகும் 40 விநாடி நிற்கிறது. ஆனால் இ.பி.டி. 28தான். எதிர்ப்பக்கத்து 36ல் 30.

21ஐத் திறக்க வேண்டுமா? 46ல் எண் சரியாக இருப்பதால் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு) நன்றாக இருக்கிறது என்று எழுதலாமா? இந்தச் சோதனைகளின் துல்லியம் 80 சதவீதத்துக்கு மேல் என்று படிக்கிறோமே, நாற்காலியில் ஒரு பல்லை வைத்துப் பார்க்கும்போது அதற்கு என்ன அர்த்தம்?

---

வேர்நுனி எழுதியது:

இரண்டு பல்லுக்கும் குழப்பம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளை எல்லோரும் வைட்டாலிட்டி டெஸ்ட் (உயிர்ச் சோதனை) என்று சொல்லிப் பழகிவிட்டோம். உயிர் இருக்கிறதா என்பது ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது. குளிர், சூடு, மின்சாரம் மூன்றும் ரத்தத்தைக் கேட்பதே இல்லை, நரம்பைக் கேட்கின்றன. அதனால் இவற்றை உணர்வுச் சோதனை என்று சொல்வதே நியாயம். நரம்பும் ரத்தமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், சேர்ந்தே போகும் என்ற நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் ஓடுகிறது. உங்கள் 21 அந்த நம்பிக்கை உடையும் இடம். அடிபட்ட பல்லில் ரத்த ஓட்டம் இருந்தும் நரம்பு மரத்துப்போய்க் கிடக்கலாம்.

மறுதிசையிலும் ஏமாற்றும். பல்கூழில் இரண்டு வகை நார்கள் முக்கியம். டென்டினை (எனாமலுக்கு அடியில் உள்ள அடுக்கு) ஒட்டி, ஓரத்தில் இருக்கும் ஏ-டெல்டா நார்கள் சீக்கிரம் தூண்டப்படும்; நோயாளி சொல்லும் 'சுளீர்' இவற்றுடையது. உள்ளே ஆழத்தில் இருக்கும் சி நார்கள் எளிதில் தூண்டப்படாது. 'விண்விண்'ணென்று தெறிக்கும் மந்தமான வலி அவற்றுடையது. சி நார்கள் ஆக்ஸிஜன் குறைவைத் தாக்குப்பிடிக்கும். சுற்றியுள்ள திசு அழுகத் தொடங்கிய பிறகும் அவை கொஞ்ச காலம் பதில் சொல்லும். மூன்று வேருள்ள பல்லில் ஒரு கால்வாய் செத்து, மற்ற இரண்டு உயிரோடு இருந்தால் சோதனை 'பதில் உண்டு' என்றே வரும்.

குளிர் ஏன் வேலை செய்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். டென்டின் குழாய்களில் உள்ள திரவம் குளிரால் சுருங்கி வெளிப்பக்கமாக நகர்கிறது. அந்த இழுப்புதான் ஏ-டெல்டாவைத் தட்டுகிறது. குளிர் பல்கூழ்வரை போய்ச் சேரும் முன்பே நோயாளி கையைத் தூக்கிவிடுவதற்குக் காரணம் அதுதான். ஈறு இறங்கி டென்டின் திறந்திருந்தால் நல்ல பல்லும் அலறும். வயதாகிக் குழாய்கள் அடைபட்டிருந்தால் நல்ல பல்லும் சும்மா இருக்கும்.

46க்கு வருவோம். இ.பி.டி. 28 சொல்வது ஒன்றுதான்: தூண்டினால் பதில் தரும் ஏ-டெல்டா நார்கள் அங்கே இருக்கின்றன. அவை வீங்கிய பல்கூழில் இருக்கின்றனவா, ஆரோக்கியமானதிலா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அழற்சியின் அளவைச் சொல்லும் எண் அதில் கிடையாது. குளிரை எடுத்த பிறகு வலி 30 விநாடிக்கு மேல் நிற்பது, மீளாத அழற்சியின் (பல்கூழ் இனித் தானாகத் தேறாத வீக்கத்தின்) பக்கம் சாய்க்கும் அடையாளம். எனவே 'நன்றாக இருக்கிறது' என்று எழுதக் கூடாது. ஆனால் அந்த 40 விநாடியை மட்டும் வைத்து ரூட் கெனால் என்றும் எழுத வேண்டாம். 36ல் எத்தனை விநாடி நின்றது? அதை நீங்கள் சொல்லவில்லை. அங்கேயும் 25 விநாடி நின்றால் கதை வேறு.

---

பஞ்சுருண்டை எழுதியது:

வேர்நுனி சார் சொன்னது சரி. ஆனா பாதி தப்பு முடிவு பல்லுல இல்ல, பஞ்சுலதான் இருக்கு. குளிர் சோதனைய எப்படிப் பண்ணீங்கன்னு முதல்ல பாருங்க.

காது குடையற பட்ஸ் குச்சி வேண்டாம். அதுல பஞ்சு இறுக்கமா சுத்தியிருக்கும், திரவம் நிக்காது. தளர்வான பெரிய பஞ்சு உருண்டைய ட்வீசர்ல பிடிங்க. டெட்ராஃபுளோரோஈத்தேன் ஸ்பிரேயை அது நல்லா நனையற வரைக்கும் அடிங்க, மேல வெள்ளையா உறைபனி பூக்கணும். ஒரு உதறு உதறிட்டு உடனே வையுங்க. பேசிக்கிட்டே பத்து விநாடி கையில வச்சிருந்தா குளிர் போயிடும். அந்தத் திரவம் கொதிக்கிறது சுமார் மைனஸ் 26 டிகிரியில. ஐஸ் குச்சி 0 டிகிரிதான், அது உருகி ஈறுல வழிஞ்சா ஈறுதான் பதில் சொல்லும். கார்பன் டை ஆக்ஸைடு பனி மைனஸ் 78. கிரவுன் போட்ட பல்லுக்கு ரொம்ப நல்லது, ஆனா எல்லா இடத்துலயும் கிடைக்காது. எத்தில் குளோரைடு இன்னும் சிலர் வச்சிருக்காங்க. அது ஸ்பிரே அளவுக்குக் குளிராது, போதாக்குறைக்குத் தீப்பிடிக்கும்.

பல்லைத் துடைச்சு உலர்த்துங்க, காட்டன் ரோல் வையுங்க. வைக்க வேண்டிய இடம் வெளிப்பக்கத்து நடுப்பகுதி. ஈறு ஓரத்துல இருந்து தள்ளி, ஃபில்லிங் மேல படாம, நல்ல எனாமல் மேல. பதில் வர்ற வரைக்கும், இல்லன்னா 10–15 விநாடி வரைக்கும் பிடிங்க. 3 விநாடியில எடுத்துட்டு 'பதில் இல்லை'ன்னு எழுதினது நிறைய கேஸ் ஷீட்ல இருக்கு.

சந்தேகப்படற பல்லுல ஆரம்பிக்காதீங்க. முதல்ல எதிர்ப்பக்கத்து அதே பல், அப்புறம் பக்கத்துப் பல், கடைசியா அது. அப்பதான் இந்த நோயாளிக்கு 'சாதாரணம்'னா என்னன்னு தெரியும். அதே பல்லை மறுபடி சோதிக்கணும்னா ரெண்டு மூணு நிமிஷமாவது விடுங்க.

'வலிச்சா சொல்லுங்க'ன்னு சொல்லவே கூடாது. 'ஜில்லுன்னு தெரிஞ்ச உடனே கையைத் தூக்குங்க, அது முழுசா அடங்கினதும் இறக்குங்க'ன்னு சொல்லுங்க. நீங்க கடிகாரத்தைப் பாருங்க. எத்தனை விநாடியில கை ஏறுச்சு, பஞ்சை எடுத்த பிறகு எத்தனை விநாடியில இறங்குச்சு, ரெண்டையும் எழுதுங்க. ரொம்பப் பயந்த நோயாளியா இருந்தா நடுவுல ஒரு தடவை காய்ஞ்ச பஞ்சை வச்சுப் பாருங்க. அதுக்கும் கை ஏறுச்சுன்னா மத்த பதில்களை எவ்வளவு நம்பறதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

வர்றதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டாங்களான்னு கேக்க மறந்துடாதீங்க. இபுப்ரொஃபென் போட்டிருந்தா குளிர் பதிலும் மங்கும், தட்டிப் பார்க்கறப்ப வர்ற வலியும் மங்கும்.

---

கடைவாய் எழுதியது:

21ல் வந்த அந்த 61ஐ நான் நம்பமாட்டேன். குளிருக்கு ஒன்றுமில்லை, மின்சாரத்துக்கு மட்டும் மேல் எண்ணில் பதில் என்றால், முதலில் மின்சாரம் வேறு வழியாகக் கசிந்திருக்கிறது என்று நினையுங்கள்.

எச்சில் ஈரம், அதிகமாகத் தடவிய ஜெல், ஈறுக்கு மிக அருகில் வைத்த முனை, பக்கத்துப் பல்லோடு ஒட்டிய உலோக ஃபில்லிங் எல்லாமே கசிவுக்கு வழி. செத்து நீராகிப்போன பல்கூழே மின்சாரத்தை வேர்நுனிக்குக் கடத்தி அங்குள்ள இணைப்புத் திசுவைத் தூண்டலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத் துடைத்து உலர்த்தி நீக்க முடியாது. அதனால்தான் மின் சோதனையைத் தனியாக நம்பக் கூடாது.

செய்யும் முறை: பல்லை உலர்த்தி, இரண்டு பக்கமும் பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் செருகுங்கள். முனையில் பற்பசையோ ஜெல்லோ ஒரு பொட்டு போதும். முன்பல்லில் வெட்டும் விளிம்பை ஒட்டிய மூன்றில் ஒரு பகுதியில், கடைவாய்ப்பல்லில் முன்பக்க வெளி முகட்டில் வையுங்கள். கையுறை போட்ட கையால் சுற்று முடியாது, எனவே உதட்டுக் கொக்கியை மாட்டுங்கள் அல்லது நோயாளியையே கைப்பிடியைத் தொடச் சொல்லுங்கள். கைப்பிடி முறையில் ஒரு வசதி: குறுகுறுப்பு தெரிந்ததும் விரலை எடுத்தால் சுற்று அறுந்துவிடும். வேகத்தைக் குறைவாக வையுங்கள். வேகமாக ஏற்றினால் நோயாளி உணர்ந்து சொல்வதற்குள் எண் பத்து பதினைந்து தாண்டியிருக்கும். மூன்று முறை எடுங்கள். 20, 24, 22 என்றால் சரி. 20, 65, 41 என்றால் மூன்றையும் குப்பையில் போடுங்கள்.

முழு கிரவுன் போட்ட பல்லில் இதைச் செய்து பயனில்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கருவியோடு வரும் எச்சரிக்கையை மீற வேண்டாம், குளிர் இருக்கவே இருக்கிறது. 8 வயதுப் பிள்ளையின் புதிதாக முளைத்த வெட்டுப்பல்லும் மின்சாரத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். டென்டினுக்கு அடியில் உள்ள நரம்பு வலை முழுதாக உருவாகப் பல் முளைத்த பிறகும் சில ஆண்டுகள் பிடிக்கும்; அது நோய் இல்லை.

---

ஐந்தாம்_நரம்பு எழுதியது:

80 சதவீதம் பற்றி யாரும் பேசவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

1999ல் வந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வின் எண்கள் பலருக்குப் பழக்கமானவை: செத்த பல்கூழைக் கண்டுபிடிக்கும் திறன் குளிருக்கு 0.83, சூட்டுக்கு 0.86, மின்சாரத்துக்கு 0.72. உயிருள்ளதை உயிருள்ளது என்று சொல்லும் திறன் குளிருக்கு 0.93, மின்சாரத்துக்கு 0.93, சூட்டுக்கு வெறும் 0.41. அதாவது, நல்ல பற்களிலேயே 100க்கு 59 சூட்டுக்குப் பதில் தரவில்லை. சூட்டுக்குப் பதில் இல்லை என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. 'காபி குடித்தால் உயிர் போகிறது' என்று வந்தவருக்கு, எந்தப் பல் என்று தேட மட்டும் சூடு. அதற்கும் ரப்பர் டேம் (பல்லைத் தனிமைப்படுத்தும் ரப்பர் விரிப்பு) போட்டு ஒவ்வொரு பல்லாக வெந்நீர் விடுவதுதான் சிறந்தது. சூட்டு வலி தாமதமாகக் கிளம்பும். உடனே அடுத்த பல்லுக்குப் போனால் குற்றம் தவறான பல்மேல் விழும். சூடாக்கிய கட்டாபெர்ச்சா (ரப்பர் போன்ற பொருள்) வைத்துச் சோதிப்பதென்றால் முதலில் பல்லில் வாஸலின் தடவுங்கள், 5 விநாடிக்கு மேல் வைக்காதீர்கள்.

இப்போது கணக்கு. பரிசோதிக்கும் 100 பற்களில் 10 செத்தவை என்று வைப்போம். குளிர் அவற்றில் 8ஐப் பிடிக்கும். நல்ல 90ல் 6 பற்களும் பதில் தராது. 'பதில் இல்லை' என்று வந்த 14ல் 8தான் உண்மையில் செத்தவை, பாதிக்குச் சற்று மேல். அதே பஞ்சு, அதே கை. ஆனால் எக்ஸ்ரே, வீக்கம், சீழ்த்துளை பார்த்து வடிகட்டிய 100 பற்களில் 60 செத்தவை என்று வையுங்கள். 60ல் 50 பிடிபடும், 40ல் 3 தவறாக வரும், 53க்கு 50 சரி. ஆனால் இந்தக் கூட்டத்தில் 'பதில் உண்டு' என்று வந்த 47ல் 10 செத்தவை. சோதனை மாறவில்லை, கேள்வி மாறியிருக்கிறது. எனவே 'குளிர் எவ்வளவு துல்லியம்' என்று கேட்டால், எந்தப் பல்லில் என்று திருப்பிக் கேட்பேன்.

கட்டுரை படிக்கும்போது ஒரு கண்ணி. சிலர் செத்ததைக் கண்டுபிடிப்பதை சென்சிடிவிட்டி என்பார்கள், சிலர் உயிருள்ளதைக் கண்டுபிடிப்பதை. அட்டவணையைப் பார்க்கும் முன் அந்த வரியைத் தேடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் தலைகீழாகும். இன்னொன்று, 'உண்மை' எப்படித் தெரிந்தது என்று பாருங்கள். பல்லைத் திறந்து ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார்களா, அல்லது ஏற்கனவே ரூட் கெனால் செய்த பற்களைச் செத்தவை என்றும் பழுதில்லாத பற்களை உயிருள்ளவை என்றும் வைத்துக்கொண்டார்களா? இரண்டாவது வழி, மிக எளிதான தேர்வுத்தாளைக் கொடுத்து மதிப்பெண் போடுவது மாதிரி. நமக்குக் குழப்பம் தரும் பற்கள் அந்தத் தாளில் இல்லவே இல்லை.

அழற்சியைப் பற்றி: அறிகுறிக்கும் நுண்ணோக்கியில் தெரிவதற்கும் பொருத்தம் மோசம் என்று 1963லேயே செல்ட்சர், பெண்டர், ஜியான்ட்ஸ் எழுதிவிட்டார்கள். 2014ல் ரிக்குச்சி குழு 95 பற்களை வெட்டிப் பார்த்தபோது நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. சாதாரணம் அல்லது மீளக்கூடியது என்று சொன்னதில் 96.6 சதவீதம் பொருந்தியது, மீளாதது என்று சொன்னதில் 84.4. அது குளிரை மட்டும் வைத்துச் சொன்னதில்லை, வரலாறு, அறிகுறி, சோதனை எல்லாம் சேர்த்துச் சொன்னது. 84ஐ நூறிலிருந்து கழித்தால் வரும் அந்த மீதிப் பற்களில்தான் தேவையில்லாமல் பல்கூழை எடுக்கிறோம்.

---

முதுநிலை_முதலாண்டு எழுதியது:

36ல் குளிர் 4 விநாடியில் அடங்கிவிட்டது. 46ல் தானாக இரவு வலி வருவதில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால்தான்.

ரத்த ஓட்டத்தையே நேராகப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருக்கிறதே, 21க்கு அது போதாதா?

---

கடைவாய் எழுதியது:

கொள்கையளவில் அதுதான் சரியான சோதனை. 2007ல் கோபிகிருஷ்ணா குழு பல்லுக்கென்று செய்த பிடிப்பானோடு ஒப்பிட்டபோது, செத்ததைக் கண்டுபிடிப்பதில் ஆக்ஸிமீட்டர் 1.00, குளிர் 0.81, மின்சாரம் 0.71 என்று வந்தது. சிக்கல் 'பல்லுக்கென்று செய்த' என்பதில் இருக்கிறது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பல்லின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேர் எதிரே உள்ள உணரியில் விழ வேண்டும். விரலில் மாட்டுவதைப் பல்லில் சாய்த்துப் பிடித்தால் ஒளி எனாமலில் சிதறி, ஈறின் நாடித்துடிப்பைக் காட்டும். விரலில் 98 காட்டும் ஆளுக்கு நல்ல வெட்டுப்பல்லில் 80ஐ ஒட்டித்தான் வரும், அதைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. கிரவுன், பெரிய ஃபில்லிங், அடிபட்டு ரத்தம் உள்ளே கசிந்து கறுத்த பல், எதிலும் ஒளி சரியாகப் போகாது. உங்கள் 21 மங்கலாகத்தானே இருக்கிறது?

லேசர் ஒளியால் ரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளருக்கும் இதே ஈறுத் தொல்லை உண்டு. அங்கே ஒளிபுகாத ரப்பர் டேமும் முனையை அசையாமல் பிடிக்கும் அச்சும் வேண்டும். ஆராய்ச்சிக்கு அருமை, தினசரிக்கு இன்னும் வரவில்லை.

---

வேர்நுனி எழுதியது:

36ல் 4, 46ல் 40 என்றால் வித்தியாசம் உண்மையானது. தானாக வலி வராததால் ரூட் கெனாலுக்கு முன் ஒரு படி இருக்கிறது. கடிபக்க எக்ஸ்ரே எடுங்கள், அமால்கத்தை எடுத்துவிட்டு விரிசலும் சொத்தையும் பாருங்கள். பல்கூழ் திறந்துகொண்டால் அங்கே கிடைக்கும் தகவல் எல்லாச் சோதனையையும்விட மேல். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்து 5–10 நிமிடத்தில் ரத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மீதியைக் காப்பாற்றப் பார்க்கலாம். நிற்காமல் வழிந்தாலோ, ரத்தமே வராவிட்டாலோ முடிவு கையில் இருக்கிறது.

21க்கு ஐ.ஏ.டி.டி.யின் (பல் காயங்களுக்கான சர்வதேச அமைப்பு) 2020 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: உணர்வுச் சோதனைக்குப் பதில் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து, பல்கூழ் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே, குறைந்தது இரண்டு அடையாளம் வேண்டும். அடிக்குப் பிறகு மூன்று மாதம்வரை பதில் வராமல் இருந்து, பிறகு திரும்பிய பற்கள் உண்டு. நிற மாற்றமும் சில சமயம் தானாகத் தெளியும், எனவே அந்த லேசான மங்கலை இரண்டாவது அடையாளமாக எண்ண அவசரப்படாதீர்கள். வேர்நுனியில் கருமை, சீழ்த்துளை, வேர் அரிப்பு இவற்றில் ஒன்று தலைகாட்டினால் காத்திருக்கக் கூடாது. இந்தப் பொறுமை பிடுங்கிக்கொண்டு விழுந்து திரும்பப் பொருத்திய முதிர்ந்த பல்லுக்குப் பொருந்தாது. அதற்கு இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனால் தொடங்க வேண்டும்.

---

முதுநிலை_முதலாண்டு எழுதியது:

21ஐ மறுபடி சோதித்தாயிற்று. உலர்த்தி, இரு பக்கமும் ஸ்ட்ரிப் செருகி, விளிம்பருகே ஒரு பொட்டு ஜெல் வைத்து மூன்று முறை. மூன்றிலும் 80வரை பதில் இல்லை. 11ல் 23, 25, 24. குளிர் 15 விநாடி பிடித்தும் 21ல் ஒன்றுமில்லை. போன முறை ஜெல் ஈறுவரை வழிந்திருக்க வேண்டும்.

---

கடைவாய் எழுதியது:

அப்படியானால் முரண்பாடே இல்லை, இரண்டு சோதனையும் ஒரே பதில்தான் சொல்கின்றன. பழைய 61ஐ அடித்துவிட்டு, ஏன் அடித்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து பார்ப்பவர் '61ல் இருந்து 80க்குப் போய்விட்டது, செத்துக்கொண்டிருக்கிறது' என்று படிப்பார். 'நான் வைட்டல்' (உயிரற்றது) என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: '5ஆம் வாரம். 21 குளிருக்கும் (15 விநாடி) இ.பி.டி.க்கும் (மூன்று முறை) பதில் இல்லை. ஒப்பீடு 11: இ.பி.டி. 24. தட்டினால் வலி இல்லை, எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லை, லேசான மங்கல், படம் எடுக்கப்பட்டது. 12ஆம் வாரம் அதே கருவி, அதே இடம்.' வலியோ வீக்கமோ வந்தால் 12ஆம் வாரம்வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லி அனுப்புங்கள்.